வேர்ல்டில்: தூரக் கணக்கும் ஸ்ட்ரீக்கும் ஏன் இப்படி ஆட்டம் காட்டுகின்றன?

கரும்புக்காடு (ரோஸ்ஹில், மொரீசியஸ்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தினமும் ஒரு நாட்டின் உருவத்தைக் காட்டி ஆறு வாய்ப்புக்குள் பெயரைச் சொல்லச் சொல்லும் வேர்ல்டில் பற்றித்தான் கேட்கிறேன். ஊகம் தப்பானால் விடை எத்தனை கிலோமீட்டர் தள்ளி, எந்தத் திசையில் என்று ஓர் அம்பு, எத்தனை சதவீதம் நெருங்கிவிட்டோம் என்று மூன்றையும் காட்டும். எங்கள் வாட்ஸப் குழுவில் ரோஸ்ஹில், காத்ர் போர்ன், ரியூனியனில் சேன் தெனி, டர்பன், சென்னை என்று ஐந்து ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். நாலு விஷயத்தில் வாக்குவாதம் முடியவே மாட்டேன் என்கிறது.

முதலாவது தூரம். விடை இலங்கையாக இருக்கும் நாளில் இந்தியா என்று போட்டால் 1,400 கிலோமீட்டருக்கு மேல் காட்டுகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் அளவுதானே இருக்கிறது?

இரண்டாவது சதவீதம். முதல் ஊகத்திலேயே 50% வந்தால் நல்ல ஆரம்பமா, இல்லையா?

மூன்றாவது ஸ்ட்ரீக், அதாவது விடாமல் தொடர்ந்து ஜெயித்த நாட்களின் எண்ணிக்கை. ஒரு நாள்கூட விடாமல் ஆடியும் சிலருக்குப் பூஜ்ஜியத்துக்குப் போய்விடுகிறது. ஐகானை ஹோம் ஸ்கிரீனில் வைத்த பிறகு போனதாக ஒருவர், மெசஞ்சரில் வந்த லிங்கைத் தட்டியபோது போனதாக இன்னொருவர்.

நான்காவது நேரம். இங்கே இரவு பத்தரைக்கே சென்னைக்காரர்கள் அடுத்த நாள் விடையைப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் நாங்கள் ஆடும் வேறொரு வினாடி வினா காலை நாலு மணிக்குத்தான் மாறுகிறது. ஒரே மாதிரி வைத்தால் என்ன?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

தூரத்தையும் சதவீதத்தையும் நான் எடுத்துக்கொள்கிறேன். நேரத்துக்கும் ஸ்ட்ரீக்குக்கும் வேறு ஆட்கள் வருவார்கள்.

வேர்ல்டிலில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே ஒரு புள்ளிதான். எல்லைக்கோடு கணக்கிலேயே வராது. நீங்கள் போட்ட நாட்டின் மையப் புள்ளியிலிருந்து விடை நாட்டின் மையப் புள்ளிக்கு எவ்வளவு என்று பார்க்கும், அவ்வளவுதான். இந்தியாவுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மையம் நாகபுரிப் பக்கம் விழுகிறது. அங்கிருந்து இலங்கையின் நடுவுக்கு அளந்தால் 1,400 கிமீ வரத்தான் செய்யும். இந்தியாவும் பர்மாவும் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தும் 1,700 கிமீக்கு மேல் காட்டும்.

இதைவிட வேடிக்கை லெசோத்தோ. அந்த நாட்டைச் சுற்றி நாலு பக்கமும் தென்னாப்பிரிக்காதான். ஆனாலும் தென்னாப்பிரிக்கா என்று போட்டால் 500 கிமீக்குக் குறையாமல் வரும், ஏனென்றால் அதன் மையப்புள்ளி கரூ வறள்நிலப் பக்கம் கிடக்கிறது. டர்பனிலிருந்தே அந்தப் புள்ளிக்குக் கிட்டத்தட்ட 800 கிமீ. ரஷ்யாவின் புள்ளி சைபீரியாவுக்கு நடுவில். அதனால் ரஷ்யாவின் அண்டை நாடான பின்லாந்து 3,900 கிமீ தள்ளித் தெரியும். பெரிய நாட்டை ஊகமாகப் போட்டால் அதன் வயிற்றில் ஒரு ஊசி குத்தியிருப்பதாக நினைத்துக்கொண்டு அங்கிருந்து அளக்க வேண்டும். ரஷ்யா, கனடா, சீனா, பிரேசில், ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆறும் இதில் ஆளைக் கவிழ்க்கும். நம் பக்கத்துத் தீவுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மொரீசியஸ் ரியூனியன் இடைவெளி 225 கிமீ அளவில், நிஜத்துக்கு ஒட்டியே வரும்.

சதவீதம் எளிய கழித்தல். பூமியில் இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கக்கூடிய அதிகபட்ச தூரத்தை 20,000 கிமீ என்று வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து உங்கள் தூரத்தைக் கழித்து, மிச்சம் 20,000இல் எத்தனை பங்கு என்று பார்த்துப் பின்னத்தை வெட்டிவிடுகிறார்கள். 5,100 கிமீ என்றால் மிச்சம் 14,900, அதாவது 74%. மொரீசியஸ் விடையாக இருக்கும் நாளில் இந்தியா போட்டால் வருவது இதுதான்.

இப்போது 50% கேள்விக்கு வருவோம். 50% என்றால் 10,000 கிமீ. எந்தப் புள்ளியில் நின்றாலும் 10,000 கிமீ தூரத்துக்குள் பூமியின் சரிபாதி அடங்கிவிடும். ஆக 50% பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் அந்தப் பக்கம்தான் விழும். 75% என்றால் 5,000 கிமீ வட்டம், பூமிப்பரப்பில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்குச் சற்றுக் குறைவு. 90% என்றால் 2,000 கிமீ, நூற்றுக்கு இரண்டரைப் பங்குகூட இல்லை. எண்ணைப் பார்த்தால் 50இலிருந்து 75க்கு வருவது 75இலிருந்து 90க்கு வருவதைவிடப் பெரிய தாவல். ஆனால் தேட வேண்டிய பரப்பு எத்தனை மடங்கு சுருங்குகிறது என்று பார்த்தால் இரண்டாவது தாவல்தான் பெரியது.

ஷேர் செய்யும்போது வரும் கட்டங்களும் இதே சதவீதத்திலிருந்து பிறப்பவை. ஒரு பச்சைக் கட்டம் 20%, அதாவது 4,000 கிமீ. மிச்சம் 10%க்குக் குறையாமல் இருந்தால் ஒரு மஞ்சள். மற்றவை கறுப்பு. 74%க்கு மூன்று பச்சை, ஒரு மஞ்சள், ஒரு கறுப்பு. 81%க்கு நாலு பச்சை, ஒரு கறுப்பு. 98%க்கும் நாலு பச்சை ஒரு மஞ்சள்தான், 90%க்கும் அதேதான். ரியூனியன் விடையாக இருக்கும் நாளில் மொரீசியஸ் போட்டவரும், ஆயிரத்துச் சொச்சம் கிமீ தள்ளி மடகாஸ்கர் விடையாக இருக்கும் நாளில் மொரீசியஸ் போட்டவரும் ஒரே வரிசைக் கட்டத்தைத்தான் அனுப்புவார்கள். ஐந்து பச்சை விடைக்கு மட்டும்.

அம்புக்குறியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தூரத்தை உருண்டை பூமியின் மேல் குறுக்குவழியாக அளக்கிறது. அம்பை மட்டும் பள்ளிக்கூடத்துச் சுவர் வரைபடத்தில் கோடு போட்ட மாதிரி காட்டுகிறது. இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சுமார் 13,600 கிமீ. அந்தக் குறுக்குவழி வடதுருவப் பக்கமாகப் போகும். அம்போ நேராக மேற்கைக் காட்டும். பூமி உருண்டையை மனதில் வைத்து அம்பைப் படித்தால் தப்பாகிவிடும், தட்டை வரைபடத்தை வைத்துப் படியுங்கள். தவிர, அம்பு எட்டுத் திசையில்தான் வரும். ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் இருபத்திரண்டரை பாகை வரை விழுங்கும். மொரீசியஸிலிருந்து தென்னாப்பிரிக்கா கொஞ்சம் தெற்கே சரிந்த மேற்கு. அம்பு சுத்த மேற்கு என்றுதான் சொல்லும்.

இந்தக் கணக்கெல்லாம் 2022 ஜனவரியில் அந்துவான் தெஃப் இந்த விளையாட்டை வெளியிட்ட காலத்தில் திறந்த நிரலாகப் போட்டிருந்ததில் உள்ளது.

---

உம்கேனிக்கரை (டர்பன்):

நேரத்துக்கு நான் சொல்கிறேன். தினசரி விளையாட்டுகள் "இன்று" என்பதை மூன்று விதமாக முடிவு செய்கின்றன. எது எந்த விதம் என்று தெரிந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

முதல் விதம், உங்கள் போன் சொல்லும் தேதி. வேர்ல்டிலும், சொல் கண்டுபிடிக்கும் வேர்டிலும் இப்படித்தான். போனில் நள்ளிரவு தாண்டினால் புதுப் புதிர். மொரீசியஸ், ரியூனியன் இரண்டும் யுடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) நாலு மணி நேரம் முன்னால், அதனால் உங்களுக்குள் பிரச்சினை இல்லை. சென்னை ஐந்தரை மணி முன்னால். அங்கே பன்னிரண்டு அடிக்கும்போது உங்களுக்கு இரவு 10.30. எங்கள் டர்பன் இரண்டு மணிதான் முன்னால், ஆக எங்களுக்குப் புதுப் புதிர் வரும்போது உங்கள் ஊரில் விடிகாலை 2 மணி. விபிஎன் போட்டாலும் இது மாறாது, விபிஎன் போனின் கடிகாரத்தைத் தொடுவதில்லை.

இரண்டாவது விதம், யுடிசி நள்ளிரவு. உலகம் முழுக்க ஒரே நொடியில் மாறும். உங்கள் ஊரில் காலை 4, எங்களுக்கு 2, சென்னைக்கு 5.30, யாங்கோனில் யாராவது இருந்தால் 6.30. நீங்கள் சொல்லும் நாலு மணி வினாடி வினா இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் லண்டன் நேரத்தில் ஓடுவதும் குளிர்காலத்தில் நாலு மணிக்கே மாறும். மார்ச் கடைசி ஞாயிறு தாண்டிப் பாருங்கள். மூன்று மணிக்கு நகர்ந்தால் லண்டன், நகராவிட்டால் யுடிசி.

மூன்றாவது விதம், நடத்துபவரின் ஊர் நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரை நள்ளிரவு என்றால் உங்களுக்குக் காலை 9, அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளியிருக்கும் மாதங்களில் 8. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும் நாட்கள். மொரீசியஸ் இந்தக் கடிகார மாற்றத்தை 2008–09இல் ஒரு கோடைக்குப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அதனால் அங்கே இருப்பவர்களுக்கு இந்த ஒரு மணி நேர நகர்வு திடீரென்று நடப்பது போலத் தெரியும். தினமும் 8.30க்கு ஆடிப் பழகியவர் நவம்பரில் ஒரு நாள் பழைய புதிரையே பார்த்துவிட்டு "இன்றைக்குப் புதிர் வரவில்லை" என்று விட்டுவிடுவார். ஸ்ட்ரீக் அறுவது அப்படித்தான்.

குழுவுக்கு நடைமுறை வழி: விடையின் பெயரை உங்கள் நேரத்துக்கு விடிகாலை 2 மணிக்குப் பிறகுதான் எழுதலாம், அதுவும் முடிந்துபோன நாளின் விடையை மட்டும். அப்போதுதான் டர்பனில் அந்த நாள் முடிந்திருக்கும். காலையில் எழுந்து முந்தின நாள் விடையைப் பேசுவது எல்லாருக்கும் சரிப்படும். டொரொண்டோவிலோ பாரிஸிலோ ஒருவர் சேர்ந்தால் அவர் ஊர்தான் கடைசி, அவரை வைத்து நேரத்தைத் தள்ளுங்கள்.

கட்டங்களை மட்டும் அனுப்பினால் விடை கசியாது என்று நினைக்காதீர்கள். வேர்ல்டிலில் கட்டத்தோடு அம்பும் போகும். உங்கள் சித்தி எப்போதும் இந்தியாவில்தான் தொடங்குவார் என்று குழுவுக்கே தெரிந்தால், அவர் முதல் வரியில் மூன்று பச்சை, ஒரு மஞ்சள், தென்மேற்கு அம்பு வந்தவுடனே "இந்தியாவுக்குத் தென்மேற்கே 4,000 முதல் 6,000 கிமீக்குள்" என்று எல்லாருக்கும் தெரிந்துபோகும். கணக்குப்பிள்ளை சொன்ன 20% கணக்கைத் திருப்பிப் போட்டால் போதும். வழக்கமான முதல் ஊகம் உள்ளவர்கள் முடிவை அனுப்பும்போது முதல் வரியை அழித்துவிட்டு அனுப்பட்டும்.

---

பழையவிசைப்பலகை:

ஸ்ட்ரீக் என் பங்கு.

கணக்கு, கடவுச்சொல் எதுவும் கேட்காமல் ஓடும் விளையாட்டு என்றால் உங்கள் ஆட்டமெல்லாம் நீங்கள் ஆடும் பிரவுசரின் உள்சேமிப்பில் மட்டுமே இருக்கிறது. வேறெங்கும் நகல் கிடையாது. அந்தச் சேமிப்பு பிரவுசருக்குப் பிரவுசர் தனி, தள முகவரிக்கு முகவரி தனி. முன்னால் மூன்று டபிள்யூ உள்ள முகவரியும் இல்லாத முகவரியும்கூட வேறு வேறு பெட்டிகள். ஸ்ட்ரீக் பூஜ்ஜியம் என்று காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது: நீங்கள் வழக்கமாக ஆடும் இடத்தில்தான் நிற்கிறீர்களா? பெரும்பாலும் பழைய கணக்கு பழைய இடத்தில் பத்திரமாக இருக்கும்.

மெசஞ்சர், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் லிங்கைத் தங்களுக்குள்ளேயே ஒரு பிரவுசரில் திறக்கும். அதற்கு உங்கள் குரோமில் உள்ளது தெரியாது. அங்கே ஆடினால் அந்த நாள் அங்கேதான் பதியும், குரோமில் அது ஆடாத நாள். மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி வெளி பிரவுசரில் திறக்கச் சொல்லிவிட்டு ஆடுங்கள். ஐபோனில் ஹோம் ஸ்கிரீனில் வைத்த ஐகானுக்கும் சஃபாரிக்கும் தனித்தனிச் சேமிப்பு. அதனால்தான் ஐகான் வைத்தவருக்குப் பூஜ்ஜியம். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்துவிட வேண்டும். என் வாக்கு ஐகானுக்கு, காரணம் அடுத்த பத்தியில்.

சஃபாரியில் 2020 மார்ச் முதல் ஒரு விதி உண்டு. சஃபாரியைப் பயன்படுத்திய ஏழு நாட்களுக்குள் ஒரு தளத்தைத் தொடவே இல்லை என்றால் அந்தத் தளம் எழுதி வைத்ததை அழித்துவிடும். தினமும் ஆடுபவருக்கு இது தட்டுப்படாது. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஸ்ட்ரீக் மட்டுமல்ல, இதுவரை எத்தனை ஆடினோம், எத்தனையில் ஜெயித்தோம் என்ற மொத்தப் பதிவும் காணாமல் போகும். ஹோம் ஸ்கிரீனில் வைத்த ஐகானுக்கு இந்த ஏழு நாள் விதி பொருந்தாது.

மற்றவை சுருக்கமாக. பிரைவேட் டேபில் ஆடினால் மூடியதும் போச்சு. போன் வேகம் குறைந்துவிட்டது என்று "தளத் தரவை அழி" தட்டினாலும் போச்சு. வெறும் தற்காலிகக் கோப்புகளை அழித்தால் பரவாயில்லை, குக்கியும் தளத் தரவும் என்ற கட்டத்தில் டிக் இருந்தால்தான் ஆபத்து.

கடிகாரத்தை நகர்த்தி நாளைய புதிரை இன்றே ஆடும் கெட்டிக்காரர்களுக்கு: அது நாளைத் தேதியில் பதிந்துவிடும். கடிகாரத்தைச் சரிசெய்த பிறகு நாளைக்குத் திறந்தால் முடிந்துபோன ஆட்டம்தான் நிற்கும். ரொம்ப தூரம் நகர்த்தினால் பல தளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று திறக்கவே மறுக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முந்தின நாள் திறந்த டேப் நள்ளிரவு தாண்டியும் அப்படியே இருந்தால் பழைய நாளிலேயே நிற்கும். காலையில் அதைப் பார்த்து "ஏற்கெனவே ஆடிவிட்டேன் போல" என்று மூடிவிடுகிறார்கள். கீழே இழுத்துப் புதுப்பித்தால் அன்றைய புதிர் வரும். சூறாவளி எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு ஏறி மின்சாரமும் வைஃபையும் போகும் என்று தெரிந்தால், நள்ளிரவுக்குப் பிறகு மொபைல் டேட்டாவில் ஒரு தடவை பக்கத்தைத் திறந்து முடித்துவிடுங்கள். பழைய டேபை இணையம் இல்லாமல் புதுப்பிக்கப் போனால் வெறும் பிழைப் பக்கம்தான் மிஞ்சும்.

போன் மாற்றும்போது பதிவை எடுத்துச் செல்ல முடியுமா என்றால், விளையாட்டே அதற்கு வழி தராத இடத்தில் கணினி வேண்டும். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் வசதிகளைத் திறந்து யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள், கேபிளால் கணினியில் சொருகுங்கள், கணினிக் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போனின் டேப் தெரியும். அதைத் திறந்து அப்ளிகேஷன் என்ற பிரிவில் லோக்கல் ஸ்டோரேஜ் பாருங்கள். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தேதிவாரியாக நீளமான எழுத்து. இரண்டையும் ஒரு கோப்பில் நகலெடுத்து, புதுப் போனில் அதே தளத்தைத் திறந்து அதே பெயருக்கு நேராக ஒட்டிப் புதுப்பித்தால் வந்துவிடும். நகலெடுக்கும்போது கடைசி அடைப்புக்குறி விட்டுப்போனால் தளம் அதைப் படிக்காது. பழைய போனைப் புதியதில் எல்லாம் சரியாகத் தெரியும்வரை துடைக்காதீர்கள்.

---

கரும்புக்காடு:

ரொம்ப நன்றி அண்ணா, மூன்று பேருக்கும். இன்னும் ஒன்று: எங்கள் குழுவில் பாதிப் பேர் முதல் ஊகமாக மொரீசியஸே போடுகிறார்கள், சொந்த ஊரிலிருந்து அளப்பது சுலபம் என்று. அது சரியான ஆரம்பமா? உருவத்தைப் பார்த்தே சொல்ல ஏதாவது பிடி இருக்கிறதா?

---

நிழற்கோடு (காத்ர் போர்ன்):

மொரீசியஸ் மோசமான ஆரம்பம். கோபித்துக்கொள்ள வேண்டாம். கிழக்கு, தென்கிழக்கு, தெற்கு என்று மூன்று அம்புக்கும் நமக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் பனிக்கட்டியும் தவிர அதிகம் இல்லை. வடமேற்கு அம்பு வந்தாலோ கிழக்கு ஆப்பிரிக்கா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஐரோப்பா எல்லாம் ஒரே சாக்கில். எட்டு அம்பில் மூன்று வீண் என்றால் அந்த ஊகத்தில் கிடைக்கும் தகவல் அவ்வளவு குறைவு.

எகிப்து போட்டுப் பாருங்கள். அங்கிருந்து ஜெர்மனி வடமேற்கு, இந்தியா கிழக்கு, கென்யா தெற்கு, நாம் தென்கிழக்கு, அமெரிக்கா மேற்கு. நைஜீரியாவும் பிரேசிலும் இரண்டுமே தென்மேற்குதான், ஆனால் ஒன்று 3,000 கிமீ, மற்றது 10,000 கிமீ. தூரம் பிரித்துக் கொடுத்துவிடும். இரண்டாவது ஊகத்தை விடையாக இருக்கும் என்று நம்பும் நாட்டில் போடுவதைவிட, அந்தத் திசையில் அந்தத் தூரத்தில் பக்கவாட்டில் உள்ள ஒன்றில் போடுங்கள். இரண்டு வட்டம் வெட்டும் இடம் இரண்டே இரண்டு. எது என்று அம்பு சொல்லும். மூன்றாவதில் முடிக்கலாம்.

உருவத்தில் முதலில் மனதில் வைக்க வேண்டியது: அளவுகோல் கிடையாது. நவூருவும் ரஷ்யாவும் ஒரே சதுரத்தை நிறைத்து நிற்கும். செட்டிங்ஸில் சுழற்றும் வசதியை இயக்காதவரை வடக்கு மேலேதான். தீவுக் கூட்டங்கள் மட்டும் பரவிக் கிடப்பதால் வெறும் புள்ளிகளாகத் தெரியும். மாலத்தீவு வந்தால் திரையில் தூசி என்று துடைக்கப் போவார்கள். நடுவில் ஓட்டை உள்ள பெரிய உருவம் தென்னாப்பிரிக்கா, அந்த ஓட்டைதான் லெசோத்தோ.

நம்மூர் ஆட்களே தடுமாறுவது மொரீசியஸ், ரியூனியன் இரண்டிலும். ரியூனியன் 2,512 சதுர கிமீ, நம் பெரிய தீவு 1,865 சதுர கிமீ. திரையில் இந்த வித்தியாசம் தெரியாது. ரியூனியன் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்த வழுவழுப்பான முட்டை, கரையில் பெரிய குடா எதுவும் உள்ளே வெட்டாது. மொரீசியஸ் வடமுனையில், காப் மாலரோ பக்கம், குறுகும். கரையோரம் நெளிவு சுளிவாக இருக்கும். தனி நாடாக இல்லாத ஆட்சிப்பகுதிகளும் இந்தப் பட்டியலில் உண்டு. ரியூனியன் தனியாகவே இருக்கிறது, பிரான்ஸ் என்று போட்டால் அது வேறு விடை.

பெயர் எழுதுவதிலும் ஊகம் வீணாகிறது. பிரெஞ்சு மேற்குறி, சிறுகோடு, இடைவெளி எதையும் கண்டுகொள்ளாது, வெறும் எழுத்து போதும். ஆபத்து கீழே விழும் பட்டியலில்தான். கினி என்று ஆரம்பித்தால் கினி, கினி பிசாவு, எக்குவடோரியல் கினி, பப்புவா நியூ கினி என்று நாலு நிற்கும். அவசரத்தில் முதலில் இருப்பதைத் தட்டினால் ஒரு வாய்ப்பு போய்விடும். நைஜர், நைஜீரியா. டொமினிக்கா, டொமினிக்கன் குடியரசு. காங்கோ இரண்டு. பழைய பெயரில் தேடுபவர்கள் ஸ்வாசிலாந்து கிடைக்கவில்லை என்பார்கள், 2018இலிருந்து எஸ்வாத்தினி. மாசிடோனியா 2019இலிருந்து வட மாசிடோனியா, அகரவரிசையில் வேறு இடத்துக்குப் போய்விட்டது. பர்மாவை மியன்மார் என்றுதான் தேட வேண்டும். மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றிவிட்டு ஆங்கிலப் பெயரில் தேடினாலும் கிடைக்காது. வீட்டில் இரண்டு மொழியிலும் ஆடும் போன் என்றால் முதலில் எந்த மொழியில் நிற்கிறது என்று பாருங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

எகிப்தை ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. உருவம் பார்த்ததுமே கண்டம் தெரிந்துவிட்ட நாளில் எகிப்து வீண். நேர்கோட்டு எல்லைகள் இரண்டு மூன்று பக்கம் இருந்தால் ஆப்பிரிக்கப் பாலைவனமோ அரேபியாவோ என்று தெரிகிறது, அங்கேயே நடுவில் ஒன்றைப் போட்டுவிடலாம். தீவு என்று தெரிந்தால் அப்போது மொரீசியஸ்கூடப் பரவாயில்லை. இந்துமாக்கடல் தீவா இல்லையா என்பது ஒரே ஊகத்தில் தெரிந்துவிடும், மடகாஸ்கர் 94% காட்டும்.

---

உம்கேனிக்கரை:

ஒரு கிளைக்கேள்வி. எங்கள் பிள்ளைகள் உலக உருண்டையில் நாட்டைத் தேடும் குளோபிள் ஆடுகிறார்கள். அதில் தென்னாப்பிரிக்கா போட்டால் லெசோத்தோ பூஜ்ஜியம் கிமீ என்கிறது. இந்தக் கணக்கு அங்கே பொருந்தாதா?

---

கணக்குப்பிள்ளை:

பொருந்தாது. குளோபிள் எல்லையிலிருந்து எல்லைக்கு அளக்கிறது. தொட்டுக்கொண்டிருக்கும் நாடுகள் எல்லாம் பூஜ்ஜியம். அம்பு கிடையாது, உருண்டையில் நிறம் மட்டும்தான் அடர்ந்துகொண்டு வரும். ஊகத்துக்கு வரம்பும் இல்லை. அதனால் உத்தி தலைகீழ். வேர்ல்டிலில் ரஷ்யா தொல்லை, குளோபிளில் ரஷ்யாதான் தங்கம், ஏனென்றால் நிலத்தில் மட்டும் பதினாலு நாடுகள் அதைத் தொடுகின்றன. பூஜ்ஜியம் வந்தால் அந்தப் பதினாலில் ஒன்று. நில எல்லையே இல்லாத தீவு நாடு விடையாக இருக்கும் நாளில் மட்டும் எதைப் போட்டாலும் பூஜ்ஜியம் வராது, நிறம் இரண்டு மூன்று ஊகத்துக்கு மங்கலாகவே இருக்கும். அப்போது கண்டத்தின் கரையோர நாடுகளாகப் பார்த்துப் போட்டு, எந்தக் கரையில் சிவப்பு ஏறுகிறது என்று தொடருங்கள். மொரீசியஸ் விடை என்றால் மொசாம்பிக்கைவிட மடகாஸ்கரில் சிவப்பு அதிகம் இருக்கும். பிரான்ஸ் போடும்போது மட்டும் கவனம், கடல் கடந்த பகுதிகளைக் கணக்கில் சேர்க்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து நிறம் ஏமாற்றலாம். அந்த இடத்தில் ஸ்பெயினோ பெல்ஜியமோ போட்டால் குழப்பமில்லை.